மலிவு விமானத்தில் ஊருக்குப் போகலாமா?

நம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஊருக்குப் போவதில்தான் வந்து நிற்கும். மயிலாடுதுறை வண்டியில் இடம் கிடைத்ததா, தூத்துக்குடி வண்டியில் காத்திருப்போர் பட்டியல் எத்தனை என்று ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்வோம். சில ஆண்டுகளாக இதில் ஒரு புதுக் கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "விமானத்திலேயே இரண்டாயிரத்துச் சொச்சம்தானாமே, ஏன் சார் ராத்திரியெல்லாம் ரயிலில் குலுங்கிக்கொண்டு போகிறீர்கள்?" என்கிறார்கள் இளைஞர்கள். பெரியவர்களோ, "அதெல்லாம் கண்துடைப்பு, கடைசியில் மூன்று மடங்கு பிடுங்கிவிடுவான்" என்கிறார்கள்.

இரண்டு கட்சியிலும் உண்மை உண்டு. மலிவு விமானத்தால் என் குடும்பம் அடைந்த மகிழ்ச்சியும் உண்டு, ஆறாத வருத்தமும் உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்து, கணக்கோடு எழுதினால் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

அம்மாவின் முதல் பயணம்

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மைசூருக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2005ஆம் ஆண்டு அம்மா எங்களோடு மூன்று மாதம் தங்கிவிட்டு, சென்னையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அப்போது பேப்பரில் எங்கு பார்த்தாலும் ஏர் டெக்கான் விளம்பரம். பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரயிலின் ஏ.சி. வகுப்புக் கட்டணத்தை ஒட்டிய விலையில் எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் கிடைத்தது. அப்போது விமான நிலையம் தேவனஹள்ளியில் இல்லை. ஊருக்குள்ளேயே பழைய எச்.ஏ.எல். நிலையம்தான்.

அம்மா ஒரு துணிப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. விமானம் மேலே ஏறியதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு மெல்ல ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, கீழ பஞ்ச விரிச்சுப் போட்ட மாதிரில்லா இருக்கு!" என்றார்கள். தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். ஊருக்குப் போனபின் அந்தப் பஞ்சுக் கதையைச் சொல்லாத ஆளே தெருவில் இல்லை. மலிவு விமானத்தைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் இந்த ஒரு வரவை நான் மறக்க மாட்டேன்.

இது எங்கே தொடங்கியது?

ஜே.ஆர்.டி. டாடாவின் தபால் விமானம் 1932 அக்டோபரில் பறக்கத் தொடங்கியது. கராச்சியிலிருந்து பம்பாய் வந்த அந்தத் தபால், நம் மாநிலத்தின் பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் போனது. 1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமை ஆயின. அந்தச் சட்டம் 1994இல் நீக்கப்பட்ட பிறகே தனியார் நிறுவனங்களுக்கு முழு வழி பிறந்தது. எனினும், அவையும் வசதி படைத்தவர்களுக்காகவே ஓடின.

சாதாரண மக்களை ஏற்றிச் செல்லும் மலிவுக் கட்டண முறை 1971இல் பறக்கத் தொடங்கிய அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தால் புகழ்பெற்றது. ஐரோப்பாவில் ரையன்ஏர், மலேசியாவில் ஏர் ஏசியா என்று அது பரவியது. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் நம் கர்நாடகத்துக்காரர்: ஹாசன் மாவட்டம் கொரூரில் வளர்ந்த கேப்டன் கோபிநாத். ராணுவத்திலிருந்து விலகி, பட்டுப்புழு வளர்த்து விவசாயம் செய்து, ஹெலிகாப்டர் நிறுவனம் நடத்தி, 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கானைத் தொடங்கினார். பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு ஓடிய சேவை அதன் முதல் சேவைகளில் ஒன்று. ஒரு ரூபாய் டிக்கெட் என்று அவர் அறிவித்தபோது சிரித்தவர்களும் உண்டு, வரிசையில் நின்றவர்களும் உண்டு. 2020இல் சுதா கொங்கரா இயக்கத்தில் சூர்யா நடித்து வெளிவந்த 'சூரரைப் போற்று' அவருடைய வாழ்க்கை நூலைத் தழுவி எடுக்கப்பட்டதே. கதையை மதுரைப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். நமக்கு இரண்டு ஊரும் சொந்தம்தானே!

2005இல் ஸ்பைஸ்ஜெட், கோ ஏர், 2006இல் இண்டிகோ என்று வரிசையாக வந்தன. ஏர் டெக்கான் நிலைக்கவில்லை. கிங்ஃபிஷர் நிறுவனத்தோடு இணைந்து, பெயர் மாறி, 2012இல் அந்த நிறுவனமும் நின்றுபோனது. ஆனால் அது போட்ட பாதை நின்றுவிட்டது.

எப்படி இவர்களால் மட்டும் முடிகிறது?

மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு நல்ல மெஸ் நடத்துகிறவருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

முதலாவது, ஒரே வகை விமானமாக வாங்குகிறார்கள். விமானிக்கும் மெக்கானிக்குக்கும் ஒரே பயிற்சி, உதிரி பாகமும் ஒரே வகை.

இரண்டாவது, இருக்கைகளை நெருக்கிப் போடுகிறார்கள். உயர் வகுப்பு பெரும்பாலும் கிடையாது. ஏ-320 போன்ற ஒரு விமானத்தில் 180 பேர், அதற்கு மேலும் உட்காருகிறார்கள்.

மூன்றாவது, விமானத்தைத் தரையில் நிற்க விடுவதில்லை. இறங்கிய அரைமணி நேரத்தில் மறுபடி ஏற்றிவிடுவார்கள். மெஸ்ஸில் ஒருவர் எழுந்தவுடன் இலையை எடுத்துவிட்டு அடுத்தவரை உட்கார வைப்பது போல.

நான்காவது, சாப்பாடு, விருப்பமான இருக்கை, கூடுதல் பெட்டி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு.

ஐந்தாவது, ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் வேறுவேறு விலை கொடுத்திருப்பார்கள். முன்கூட்டி வாங்கியவருக்குக் குறைவு. நாளைக்கே போக வேண்டும் என்பவருக்குப் பல மடங்கு. தேவராஜ மார்க்கெட்டில் முகூர்த்த நாளன்று மல்லிகை விலை ஏறுவதைப் போன்றதுதான் இது.

இதில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலிவு விமானத்தின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். டிக்கெட் மலிவு என்பதால் பாதுகாப்பும் மலிவு என்று எண்ண வேண்டாம். பராமரிப்பு, விமானிகளின் தகுதி ஆகியவற்றில் டி.ஜி.சி.ஏ. என்னும் அரசுத் தலைமை இயக்ககத்தின் விதிகள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே. முழங்கால் இடிக்கலாம், பயப்படத் தேவையில்லை.

நம் மண்டகள்ளி

நஞ்சன்கூடு சாலையில், நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில் மண்டகள்ளி விமான நிலையம் இருக்கிறது. 1940இல் மைசூர் சமஸ்தானம் அமைத்தது. நெடுங்காலம் வெறும் மைதானம் போலக் கிடந்து, புதுப்பிக்கப்பட்டு 2010 மே மாதத்தில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே கிங்ஃபிஷர் பெங்களூருக்கு ஓட்டியது; 2011இல் நிறுத்திவிட்டது. 2013இல் ஸ்பைஸ்ஜெட் வந்தது, போனது. 2017இல் மத்திய அரசின் உடான் திட்டம் தொடங்கியது. சிறு நகரங்களிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்குக் குறிப்பிட்ட இருக்கைகளை 2,500 ரூபாய்க்குள் தர வேண்டும், நட்டத்தை அரசு ஈடுகட்டும் என்பது அத்திட்டம். அதன்படி அவ்வாண்டு செப்டம்பரில் ட்ரூஜெட் மைசூரிலிருந்து சென்னைக்குப் பறந்தது. நம்மில் பலர் அதில் போயிருக்கிறோம். 2022இல் அந்த நிறுவனமும் பறப்பதை நிறுத்தியது. இண்டிகோவும் வந்தது.

ஏன் இந்த வருகையும் போக்கும்? ஓடுதளத்தின் நீளம் 1,740 மீட்டர்தான். எழுபது எண்பது பேர் அமரும் ஏ.டி.ஆர். விமானம் இறங்கலாம், 180 பேர் அமரும் பெரிய விமானத்துக்குப் போதாது. ஓடுதளத்தை நீட்டலாம் என்றால் அருகிலேயே நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஓடுகின்றன. மலிவு விமானத்தின் லாபமே அதிகம் பேரை ஏற்றுவதில் இருக்கும்போது, சிறிய விமானம் மட்டுமே இறங்கும் ஊர் அவர்களுக்கு இரண்டாம்பட்சம்தான். ஆகவே மைசூர் சேவை அடிக்கடி மாறும். ஊர்ப் பயணத்தைத் திட்டமிடும்போது அன்றைய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் இருந்தது என்று நம்பிவிடாதீர்கள்.

மண்டகள்ளியிலிருந்து நேர் விமானம் இருக்கும் நாளில் அதைவிடச் சௌகரியம் வேறில்லை. வீட்டிலிருந்து அரைமணியில் நிலையம்; சிறிய கட்டிடம், நீண்ட நடை கிடையாது. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து நாலரை மணி நேரத்தில் சென்னையில் உறவினர் வீட்டில் இருக்கலாம்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஆனால் நம்மில் பெரும்பாலோர் டிக்கெட் வாங்குவது பெங்களூரிலிருந்துதான். தேவனஹள்ளி நிலையம் மைசூரிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். 2023இல் புதிய விரைவுச்சாலை திறந்தபின் பெங்களூர் எல்லைவரை சீக்கிரம் போய்விடுகிறோம். அதற்குப் பிறகு நகர நெரிசலைத் தாண்ட வேண்டும். கே.எஸ்.ஆர்.டி.சி.யின் ஃப்ளைபஸ் நேராக நிலைய வாசலில் விடுகிறது. அதற்கு நான் எப்போதும் நாலரை மணி நேரம் ஒதுக்குகிறேன்.

சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் நாலு பேர் போனபோது என் நோட்டில் எழுதி வைத்த கணக்கு இது. ஒரு வழிக்கு மட்டும்.

டிக்கெட் ஆளுக்கு 2,600 வீதம் 10,400 ரூபாய். பதிவுக் கட்டணம் 1,200. நாலு பேரும் சேர்ந்து உட்கார இருக்கைக் கட்டணம் 1,000. மைசூரிலிருந்து பஸ் 3,600. நிலையத்தில் காப்பி, சிற்றுண்டி 900. சென்னையில் டாக்சி 600. ஆக மொத்தம் 17,700 ரூபாய். காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறி, மாலை ஐந்து மணிக்குத் தங்கை வீட்டில் காலை வைத்தோம். ஒன்பது மணி நேரம்.

திரும்பி வந்தபின் வந்தே பாரத் ரயிலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2022 நவம்பரில் தென்னாட்டுக்கு வந்த முதல் வந்தே பாரத் நம் மைசூர்-சென்னை வண்டிதான். ஆளுக்குச் சுமார் 1,300 வீதம் 5,200, இரண்டு பக்கமும் ஆட்டோ, டாக்சி 700, மொத்தம் 5,900. மதியம் ஒரு மணியளவில் ஏறினால் இரவு ஏழரைக்குச் சென்னை. வீட்டிலிருந்து வீட்டுக்கு எட்டு மணி நேரத்துக்குள். சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம்.

மூன்று மடங்கு செலவு செய்து ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருக்கிறோம்! டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஒரு மணி நேரப் பயணம் நம் கண்ணை மறைத்துவிட்டது. வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி, எத்தனை ரூபாய் என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு.

இதே கணக்கை டெல்லிக்கோ கல்கத்தாவுக்கோ போட்டால் முடிவு தலைகீழாகும். ரயிலில் இரண்டு நாள் போகும் இடத்தில் விமானம் ஒரே நாளில் கொண்டுவிடும். லீவும் மிச்சம், வழிச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். வளைகுடாவில் பிள்ளைகள் இருப்பவர்கள் கண்ணூரையும் மறக்க வேண்டாம். 2018 டிசம்பரில் திறந்த அந்த நிலையம் விராஜ்பேட்டை, இரிட்டி வழியாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அங்கிருந்து வளைகுடா நகரங்களுக்குப் பறக்கிறது. கோயம்புத்தூர் நிலையத்தை நம்பிக் காரில் போகிறவர்கள் காட்டுப் பாதைகளின் இரவுத் தடையை நினைவில் வையுங்கள். பந்திப்பூரில் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை வண்டி விடமாட்டார்கள். திம்பம் மலைப் பாதையிலும் இரவுத் தடை உண்டு.

2019இல் நடந்தது

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

2019 ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தம்பி போன் செய்தான். "அண்ணே, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். நீ உடனே கெளம்பி வா" என்றான். மகன் உடனே போனை எடுத்துத் தேடினான். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் பகல் 12.15க்கு ஒரு மலிவு விமானம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு 2.50க்கு வேறொரு நிறுவனத்தின் விமானம். இரண்டிலும் இடம் இருந்தது. நாலு மணிக்குள் வாகைக்குளம் நிலையத்தில் இறங்கி, ஐந்தரைக்குள் அம்மா பக்கத்தில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டோம். ஐந்தரை மணிக்கே காரில் பெங்களூர் புறப்பட்டேன்.

நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது பலகையில் 12.15 என்பது 1.10 ஆயிற்று. பிறகு 1.50. பிறகு 2.40. காலையில் வேறு எங்கோ ஓரிடத்தில் ஏற்பட்ட தாமதம் அந்த விமானத்தின் ஒவ்வொரு பயணத்திலும் சேர்ந்துகொண்டே வந்ததாம். அரைமணியில் திரும்பும் விமானத்துக்கு மூச்சுவிட இடைவெளி இல்லை என்று மேலே சொன்னேனே, அதன் விலை இதுதான். கவுண்ட்டரில் இருந்த பெண் ஒரு சாண்ட்விச்சும் ஜூஸும் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

சென்னையில் இறங்கியபோது மணி மூன்றே முக்கால். தூத்துக்குடி விமானம் போய்விட்டது. முதல் நிறுவனம், "உங்களைச் சென்னையில் சேர்ப்பது வரைதான் சார் எங்கள் பொறுப்பு" என்றது. இரண்டாவது நிறுவனம், "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை, டிக்கெட் முடிந்தது" என்றது. இரண்டும் விதிப்படி சரிதான். தனித்தனி டிக்கெட் அல்லவா? அன்று மாலை மதுரைக்குப் போகும் விமானங்களிலும் இடமில்லை. கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். இரவு பத்தே முக்காலுக்கு, பஸ் விழுப்புரம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது. எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை போய்ச் சேர்ந்தேன். "சாயங்காலம் வரைக்கும் நெனவு இருந்துச்சுண்ணே. பெரியவன் ஏரோப்ளேன்ல வாரானாலேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாக" என்றான் தம்பி.

பிறகு ஒரு நாள் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மைசூரிலிருந்து சாமராஜநகர், திம்பம், சத்தியமங்கலம், கரூர், மதுரை வழியாகக் கோவில்பட்டி ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஐந்தரை மணிக்குப் பெங்களூர் திசையில் திருப்பிய அதே காரைச் சாமராஜநகர் திசையில் திருப்பியிருந்தால், வழியில் நின்று சாப்பிட்டுப் போயிருந்தாலும் மாலை ஐந்து மணிக்கு அம்மாவின் கையைப் பிடித்திருப்பேன். விமானம் என்றால் வேகம் என்று நினைத்தேன். தெற்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் வடக்கே ஐந்து மணி நேரம் ஓடுகிறோமே என்று அந்தப் பதற்றத்தில் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

யார் மேலும் கோபம் இல்லை. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

சட்டம் நமக்குத் தருவது

டி.ஜி.சி.ஏ. விதிகளின்படி பயணிகளுக்குச் சில உரிமைகள் உண்டு. பலர் கேட்பதில்லை, கேட்டால் கிடைக்கும்.

குறுகிய தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி, சாப்பாடு தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ, நம் விருப்பம். இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் போனால் தங்கும் இடமும் தர வேண்டும்.

முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், பணத்தைத் திருப்பித் தருவதோடு, பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவானால் அந்தத் தொகையே கிடைக்கும். புயல், மூடுபனி போன்ற நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது.

அதிகம் பேருக்கு டிக்கெட் விற்றுவிட்டு, உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தவரை ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தராவிட்டால் இழப்பீடு தர வேண்டும். அதற்கு உச்சவரம்பு 20,000 ரூபாய்.

நாமே ரத்து செய்தாலும், போகாமல் விட்டாலும், பணம் திரும்பாது என்று போட்ட டிக்கெட்டிலும்கூட அரசு வரி, நிலையக் கட்டணம் ஆகியவை திரும்ப வர வேண்டும். சிறு தொகைதான், ஆனால் நம் தொகை. புகாரை முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவாவில் பதியலாம்.

இவ்வளவு இருந்தும், இழந்த நேரத்தை எந்தச் சட்டமும் திருப்பித் தராது. நிறுவனமே மூடிப்போனால் பணம் வருவதும் பெரும்பாடு. 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது முன்பணம் கட்டியவர்கள் தவித்ததைப் பார்த்தோம். 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிக்கு ஏற்ப ஆள் ஏற்பாடு போதாமல் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. அந்த வாரத்தில் மற்ற விமானங்களின் கட்டணம் ஏறிய ஏற்றத்தில் அரசே உச்சவரம்பு விதிக்க வேண்டி வந்தது.

நம் பெயரும் நம் பையும்

தமிழர்களுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. முதலாவது, இனிஷியல். டிக்கெட் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கும். நமக்கோ ஒரு பெயரும் ஓர் எழுத்தும்தான். ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் போடுங்கள். அப்பா பெயரை ஓர் இடத்தில் விரித்தும் ஓர் இடத்தில் சுருக்கியும் எழுதாதீர்கள். நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக வாங்கியிருந்தால், எழுத்துப் பிழையை 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும் என்பது விதி. வெளிநாடு போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவோரை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது.

இரண்டாவது, பை. உள்நாட்டு மலிவு விமானத்தில் பொதுவாகப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. மாமியார் வீட்டுச் சீர் முறுக்கும் பித்தளைப் பானையும் இந்தக் கணக்கில் அடங்காது. கூடுதல் எடைக்குக் கவுண்ட்டரில் கேட்கும் விலையைவிட முன்கூட்டி வாங்கினால் குறைவு. வீட்டிலேயே எடை பார்த்துவிடுங்கள். ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் என்பதால் பெட்டியிலும் கூடாது. சபரிமலைக் காலத்தில் இருமுடி நெய்த்தேங்காயைக் கையில் எடுத்துச் செல்லச் சில ஆண்டுகளில் தனி அனுமதி தந்தார்கள். புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். போனுக்கு மின்னேற்றும் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பெரியவர்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் வாங்கும்போதே பதிந்துவிடுங்கள். போர்டிங் பாஸைக் கவுண்ட்டரில் வாங்குவதற்குத் தனிக் காசு கேட்கக் கூடாது என்று 2022இலேயே அரசு சொல்லிவிட்டது. பெங்களூரில் இரண்டு டெர்மினல்கள். எந்த நிறுவனம் எதிலிருந்து புறப்படுகிறது என்று பார்த்துப் போங்கள். பெட்டி வாங்கும் கவுண்ட்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். அதற்குப் பிறகு அழுதாலும் திறக்காது.

முடிவாக என் வழக்கம்

இப்போது என் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

நாள் முன்கூட்டித் தெரிந்த பயணம், தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், போய்ச் சேரும் நேரத்தில் அரைநாள் முன்னே பின்னே ஆனாலும் பாதகமில்லை என்றால் மலிவு விமானம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மண்டகள்ளியிலிருந்து நேர் விமானம் இருந்தால், தூரம் குறைவானாலும் விமானமே.

கல்யாணத்துக்குப் போவதானால் முகூர்த்தத்துக்கு முந்திய நாளே போய்ச் சேரும்படி பார்க்கிறேன். அன்று காலை இறங்கும் விமானத்தை நம்புவதில்லை. தாய்மாமன் வானத்தில் இருக்கும்போது தாலி கட்டும் வேளை வந்துவிடக் கூடாது.

இரண்டு விமானம் மாற வேண்டுமானால் ஒரே நிறுவனத்தில், ஒரே டிக்கெட்டாக வாங்குகிறேன். சில நூறு ரூபாய் கூடினாலும் சரி. அப்போதுதான் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையதாகும்.

சாவு, நோய் என்று ஊரிலிருந்து போன் வந்தால் முதலில் வரைபடத்தைத்தான் எடுக்கிறேன். தரைவழியாக எத்தனை மணி என்று பார்த்துவிட்டு, விமானக் கணக்கில் மூன்று மணி நேரத் தாமதத்தையும் சேர்த்துப் போடுகிறேன். அப்படியும் விமானம் முந்தினால் மட்டுமே டிக்கெட். இல்லையென்றால் கார். இரண்டு டிரைவர்களின் நம்பரை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மலிவு விமானம் நல்லதா கெட்டதா என்று கேட்டால், அம்மாவுக்கு மேகத்தைக் காட்டியதும் அதுதான், கடைசி நேரத்தில் என்னைக் கைவிட்டதும் அதுதான் என்று சொல்வேன். ஊரில் வயதான தாய் தகப்பன் இருப்பவர்கள் இன்றிரவே ஒரு தாளை எடுத்து, நம் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போக எது உண்மையில் விரைவான வழி என்று எழுதி வைத்துவிடுங்கள். போன் வந்தபின் யோசிக்க மனம் ஓடாது.